ஃப்ரோசன் ஸ்லைடை போனில் காட்டும்போது கறுப்பு வளையம், ஓடும் கோடுகள், கலங்கிய நியூக்ளியஸ்: உதவி தேவை

கிரையோ_லேப்:
ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறையவைத்துச் சீவிப் பார்ப்பதுதான் ஃப்ரோசன். எங்கள் லேபில் அதற்கான கிரையோஸ்டாட் (உறைய வைத்துச் சீவும் கருவி) உண்டு, டெக்னீசியன்கள் உண்டு. ஸ்லைடு பார்க்கும் டாக்டர் வேறு ஊரில். பைனாகுலர் மைக்ரோஸ்கோப்பின் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கிளாம்ப் அடாப்டர் மாட்டி, மூன்று கேமரா உள்ள ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் வீடியோ கால் மூலம் காட்டுகிறோம். பெரும்பாலும் வாய்ப் புற்றின் மார்ஜின் (வெட்டியெடுத்த ஓரம்), மார்பகத்தின் சென்டினல் நோட் (புற்று முதலில் பரவும் நிணநீர்க் கணு). படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம். பெரிதாக்கினால் திடீரென்று திரை இருண்டுவிடுகிறது. சாம்பல் கோடுகள் மேலிருந்து கீழே ஓடுகின்றன. ஸ்டேஜை நகர்த்தினால் நிறம் மாறுகிறது. 40 மடங்கில் நியூக்ளியஸ் (செல்லின் கரு) எல்லாம் மை கொட்டிய மாதிரி. நோயாளி தியேட்டரில் மயக்கத்தில் இருக்கும் நேரத்தில் இதோடு மல்லுக்கட்ட முடியவில்லை. போனை மாற்ற வேண்டுமா?

லென்ஸ்_பெட்டி:
மாற்ற வேண்டாம். முதலில் அதே இடத்தை இன்னொரு ஐபீஸ் வழியாகக் கண்ணால் பாருங்கள். கண்ணுக்கும் கலங்கல் என்றால் போன் மீது குற்றமில்லை. 40 மடங்கை அப்படிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மற்ற நான்கும் போன் பக்கம்தான்.

ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளி சற்று மேலே ஒரு சிறு வட்டமாகக் குவியும். போன் லென்ஸ் அங்கேதான் உட்கார வேண்டும். விளக்கைப் போட்டு, ஐபீஸுக்கு மேல் வெள்ளைத் தாளை ஏற்றி இறக்குங்கள். வட்டம் மிகச் சிறிதாகவும் கூர்மையாகவும் தெரியும் உயரமே சரியான உயரம். சாதாரண ஐபீஸில் சுமார் 10 மி.மீ., மூக்குக்கண்ணாடி அடையாளம் போட்டதில் சுமார் 20 மி.மீ. ரப்பர் கப்பையும் போன் உறையையும் கழற்றிவிட்டு மாட்டுங்கள். கறுப்பு ஒரு பக்கம் மட்டும் பிறை போல வந்தால் மையம் விலகியிருக்கிறது.

பெரிதாக்கும்போது இருள்வதற்குக் காரணம், போன் தானாகவே டெலி லென்ஸுக்கு (தொலைவைப் பெரிதாக்கும் இன்னொரு கேமரா) தாவுவது. அது ஐபீஸுக்கு நேரே இல்லை. புரோ மோடில் பிரதான கேமராவையே வைத்துக்கொள்ளுங்கள். மேக்ரோ தானாக மாறுவதையும் அணையுங்கள்.

கோடுகள் எல்இடியின் துடிப்பு. ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் நிறுத்துங்கள். அப்படியும் போகாவிட்டால் மைக்ரோஸ்கோப்பின் டிம்மரே விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரிக்கிறது. வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) குறைத்து, மிச்சத்துக்கு ஃபில்டர் ஹோல்டரில் ட்ரேசிங் தாள் போடுங்கள். வெளிச்சத்தைக் குறைக்க, ஸ்டேஜுக்குக் கீழே இருக்கும் கண்டென்சர் டயஃப்ரத்தை (ஒளித் துளை) மூடாதீர்கள், விவரம் போய்விடும். வொயிட் பேலன்ஸை ஸ்லைடில் திசு இல்லாத வெற்றிடத்தில் வைத்துப் பூட்டினால் நிறம் நிற்கும்.

வீடியோ காலுக்குள் இந்தப் பூட்டுகள் கிடைக்காது. காலில் கேமராவை அணைத்து, திரைப் பகிர்வைப் போட்டு, போனின் கேமரா ஆப்பைத் திறந்து காட்டுங்கள். கால் ஓடும்போது கேமரா ஆப் திறக்காத போன்களும் உண்டு. அதற்கு இரண்டு போன்தான் வழி: பேச ஒன்று, படமெடுக்க ஒன்று.

கிரையோ_லேப்:
நன்றி சார். வளையமும் கோடுகளும் போய்விட்டன. 40 மடங்கு கண்ணுக்கும் கலங்கல்தான். 10 மடங்கில் தெளிவு. ஆனால் சில கேஸில் திசு முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.

ஸ்டெயின்_ரேக்:
10இல் தெளிவு, 40இல் எப்போதும் கலங்கல் என்றால் 40இன் முன்கண்ணாடியில் எண்ணெய் ஒட்டியிருக்கலாம். ஐபீஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, அதையே பூதக்கண்ணாடியாக வைத்து ஆப்ஜெக்டிவின் (ஸ்லைடை நோக்கும் லென்ஸ்) நுனியைப் பாருங்கள். லென்ஸ் பேப்பரால் மட்டும் துடையுங்கள். அடுத்து, ஸ்லைடு குப்புற இருக்கிறதா, அவசரத்தில் டிபிஎக்ஸ் (கவர்ஸ்லிப்பை ஒட்டும் பசை) தடிமனாகிவிட்டதா என்று பார்க்கவும். 40 ஆப்ஜெக்டிவ் 0.17 மி.மீ. கவர்ஸ்லிப்புக்கானது, அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு தடிமனையும் 40 காட்டிக்கொடுத்துவிடும்.

ஓட்டைகள் பனிப் படிகங்கள். தியேட்டரிலிருந்து திசுவை சலைனில் நனைத்து அனுப்புகிறார்களா? உலர்ந்த காஸில் ஒற்றி எடுத்து, சிறு துண்டாக வெட்டி, வேகமாக உறைய வையுங்கள். மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும். கிரையோஸ்டாட் சேம்பர் −20°செ. பெரும்பாலான திசுவுக்குச் சரி, கொழுப்புள்ள மார்பகத்துக்கு −30 வரை போகலாம். சீவல் 5 மைக்ரான். ஸ்லைடில் ஒட்டிய மறுகணமே 95% ஆல்கஹாலில் இறக்குங்கள். நாலைந்து வினாடி காற்றில் நின்றாலும் நியூக்ளியஸ் வீங்கி வெளிறும். அதை எந்தக் கேமராவும் மீட்டுத் தராது.

ஸ்லைடு_டாக்டர்:
மறுமுனையில் உட்கார்ந்து பார்ப்பவரின் தேவையைச் சொல்கிறேன். ஸ்டேஜ் ஓடும்போது வீடியோவின் விவரம் முதலில் சாகும். நகர்த்துங்கள், நிறுத்துங்கள், மூன்று வினாடி விடுங்கள். சந்தேகமான இடத்தை நிலைப்படமாக எடுத்து, போட்டோவாக அல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அப்போதுதான் சுருக்கப்படாமல் வரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நீங்கள் காட்டாத இடம். ஸ்டெயின் தரம் குறைந்தால் எனக்குத் தெரிந்துவிடும், விடுபட்ட மூலை தெரியாது. 4 மடங்கில் ஒரு ஓரத்திலிருந்து வரிவரியாக, ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி முழுத் திசுவையும் காட்டிய பிறகே 10, 40. வெட்டுவதற்கு முன் அளவுகோல் வைத்து, மை பூசிய பக்கம் தெரியும்படி முழுத் துண்டின் படமும் வேண்டும். மார்ஜின் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

சென்டினல் நோடில் 2 மி.மீ.க்குக் குறைந்த பரவல் ஃப்ரோசனில் நேரில் பார்த்தாலே கண்ணுக்குத் தப்பலாம். தைராய்டு ஃபாலிக்குலர் கட்டியை இந்த வழியில் அனுப்பவே வேண்டாம். கட்டியைச் சுற்றிய கேப்ஸ்யூல் (உறை) முழுவதையும் பாரஃபினில் (மெழுகில் பதித்துச் செய்யும் நிரந்தர ஸ்லைடு) பார்த்துத்தான் சொல்ல முடியும். படம் போதாதபோது “நிரந்தர ஸ்லைடு வரை முடிவு இல்லை” என்று சொல்லும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு. அதை சர்ஜனிடம் முன்பே பேசிவையுங்கள்.

நோயாளிகளில் பயன்படுத்துமுன், முடிவு தெரிந்த பழைய ஸ்லைடுகளை இதே போனில் காட்டி ஒப்பிடுங்கள். முழு ஸ்லைடு ஸ்கேனர்களுக்கு அமெரிக்க பேத்தாலஜிஸ்ட் கல்லூரி சொல்வது குறைந்தது 60 கேஸ், அதே கேஸை கண்ணாடி ஸ்லைடாகவும் திரையிலும் பார்க்கும் இரு பார்வைக்கும் நடுவே இரண்டு வாரம். போனுக்கும் அதையே அளவாகக் கொள்ளலாம்.

கிரையோ_லேப்:
40இல் எண்ணெய்தான் மேடம், துடைத்ததும் தெளிந்துவிட்டது. சலைன் பற்றித் தியேட்டரில் சொல்லியாயிற்று. வீடியோ கால் பதினைந்து நிமிடம் தாண்டினால் போன் சூடாகிப் படம் விட்டுவிட்டு வருகிறதே?

லென்ஸ்_பெட்டி:
சார்ஜரில் போட்டபடி கால் பேசாதீர்கள், முன்பே முழுதாக ஏற்றிவையுங்கள். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ஸ்லைடு தயாரான பிறகே காலைத் தொடங்குங்கள். ஸ்டெயின் ஆகும் நேரம் முழுக்க அது ஓட வேண்டியதில்லை. படங்கள் கிளவுடில் தானாக ஏறுவதையும் நிறுத்திவிடுங்கள்: அப்லோடு வேகமும் மிஞ்சும், நோயாளியின் படமும் வெளியே போகாது. லேபிள் படத்தில் விழாமல், லேப் எண் மட்டும் தெரிந்தால் போதும்.