பழைய மடக்குக் கத்தி: முத்திரை, தேய்மானம், செல்லுலாய்டு (அனுபவப் பகிர்வு)

பழைய அமெரிக்க மடக்குக் கத்தி சேர்க்க ஆரம்பிப்பவர்களுக்கு, பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் ‘கேஸ்’ (Case) கம்பெனி செய்த கத்திதான் நல்ல பாடம். அலகின் அடியில், கீலை ஒட்டி இருக்கும் முத்திரையே வருடத்தைச் சொல்லிவிடும். 1940 முதல் 1964 வரை வெறும் ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’. 1965இல் ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்தது. 1970இல் பத்துப் புள்ளிகள் வந்தன. வருடத்துக்கு ஒன்றாகக் குறைந்து 1979இல் ஒரே புள்ளி. 1980இல் மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள், ஆனால் ‘எஸ்’ எழுத்தை மின்னல் கீற்று மாதிரி ஒடித்துவிட்டார்கள். பத்துப் புள்ளி இருக்கிறது என்றதும் 1970ஆம் வருடக் கத்திக்கான விலையைக் கொடுத்துவிடாதீர்கள். எஸ்ஸைப் பாருங்கள்.

மாடல் எண்ணும் பேசும். 6254 என்றால் 6 எலும்புப் பிடி, 2 அலகு, 54 வடிவம். முதல் எண் 5 என்றால் மான்கொம்பு, 3 என்றால் மஞ்சள் செயற்கைப் பிடி. ஒரு சிக்கல்: எலும்பு மாதிரி செய்த டெல்ரின் பிளாஸ்டிக்குக்கும் அதே 6தான். லென்ஸ் வைத்தால் எலும்பில் பொடிப் பொடியாகக் கறுத்த துளைகளும் கோடுகளும் தெரியும், டெல்ரினில் தெரியாது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம், தழும்பு நின்றுவிடும்.

* * *

முத்திரையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அலகை மாற்றிப் போட்ட கத்திகள் சந்தையில் நிறைய. 6254இல் இரண்டு அலகும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஒன்று குட்டையாக இருந்தால் முனை உடைந்து தேய்க்கப்பட்டது என்று அர்த்தம். பலமுறை சாணை பிடித்த அலகில் நகக்குழிக்கும் (நகத்தை மாட்டி அலகை விரிக்கும் பள்ளம்) வெட்டுவாய்க்கும் நடுவே அகலம் குறைந்திருக்கும். அலகு இப்படித் தேய்ந்திருந்தும் முத்திரை மட்டும் புதுசாகப் பளிச்சென்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

அதே சமயம், இரண்டு அலகில் இரண்டு காலத்து முத்திரை இருந்தாலே போலி என்று சொல்லவும் முடியாது. 1965 வாக்கில் கையிருப்பில் இருந்த பழைய அலகையும் புது அலகையும் கம்பெனியே ஒரே கத்தியில் பூட்டியிருக்கிறது. இரண்டு அலகிலும் கறுப்பும் தேய்மானமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விரித்தபோதும் மடித்தபோதும் முதுகு ஸ்பிரிங் பிடிக்கு உள்பக்கம் இருக்கும் பித்தளைத் தகட்டோடு சமமாக நிற்கணும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியக் கூடாது. ரிவெட்டைச் சுற்றி எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

* * *

இறுகிப்போன அலகை நகத்தாலோ குறடாலோ இழுக்காதீர்கள், ஸ்பிரிங் உடைந்தால் கதை முடிந்தது. பல்குத்தும் குச்சியால் கீலில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். கத்தியை மொத்தமாக எண்ணெயில் முக்கினால் எலும்பில் கறை ஏறும். தண்ணீரில் ஊறவிட்டால் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகிக் கீலைப் பிடித்துக்கொள்ளும். சிவப்புத் துருவை மட்டும் எண்ணெய் தொட்ட 0000 நம்பர் ஸ்டீல் உல்லால் (மிக மெல்லிய இரும்பு நார்) எடுங்கள். கறுப்பு படிந்திருப்பது நல்லது, அதை விட்டுவிடுங்கள். பாலிஷ் சக்கரத்தில் பிடித்துப் பளபளக்க வைத்த கத்தியைச் சேகரிப்பவர் யாரும் வாங்க மாட்டார்.

* * *

எல்லாவற்றையும் விட ஆபத்து செல்லுலாய்டு பிடி. கோடு கோடாக, மிட்டாய் நிறத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது நைட்ரேட் சேர்ந்த பிளாஸ்டிக். சிதையத் தொடங்கினால் வெளிவரும் வாயு ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிவிடும். அந்தக் கத்தி மட்டுமல்ல, பெட்டியில் பக்கத்தில் படுத்திருக்கும் கத்திகளும் துருப்பிடிக்கும். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி, ரிவெட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, பிடிக்குள் கண்ணாடி நொறுங்கியது போன்ற வெடிப்பு, அலகில் பிடியை ஒட்டிய பகுதியில் மட்டும் துரு: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அதைத் தனியே எடுத்துக் காற்றோட்டமாக வையுங்கள். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா கூடவே கூடாது. நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சட்டென்று பற்றிக்கொள்ளும். சிதைவு தொடங்கிவிட்டால் திருப்ப வழியில்லை. பிடியைக் கழற்றிவிட்டு அலகையும் தகட்டையும் காப்பாற்றப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

தோல் உறையிலும் நிரந்தரமாக வைக்க வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலமும் அதில் மிச்சம் இருக்கும். உறையைப் பக்கத்தில் வையுங்கள், போதும்.

* * *

படம் பகிரும்போது மடித்தது, விரித்தது, இரு பக்கமும், கூடவே ஒரு ஸ்கேல். முத்திரைக்கு நேர் வெளிச்சம் உதவாது, பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் எழுத்து எழும்பும்.

நேரில் அடுத்தவர் கத்தியைக் கேட்காமல் விரிக்கக் கூடாது. ‘டக்’ சத்தத்துக்காக அலகைப் படாரென்று மூடவிடுவது பலருக்குப் பழக்கம். வெட்டுவாய் உள்ளே ஸ்பிரிங்கில் மோதி மழுங்கும். மெதுவாக மடித்து, அலகில் பட்ட விரல் ரேகையைத் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். கார்பன் ஸ்டீலில் வியர்வை உப்பு மறுநாளே புள்ளி போட்டுவிடும்.