அண்ணன் பேச்சில் தர்க்கப் பிழை எங்கே?

கேள்வி:
அப்பாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமான்னு மூணு வாரமா அண்ணனோட மல்லுக்கட்டு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அவன் போட்டது:

“வயசாகுது, இப்பவே செஞ்சுடணும்.”
“மாசத்துல ஒரு நாள் தலையைக் காட்டிட்டுப் போற நீ பேசாதே.”
“அப்போ அவர் படுத்த படுக்கையாவே கிடக்கட்டுங்கிறியா?”

நான் சொன்னது இவ்வளவுதான்: “இந்த வயசுல எதுக்கு ரிஸ்க்? ஆபீஸ்ல ஒருத்தரோட அம்மா செஞ்சுக்கிட்டு இன்னும் சரியா நடக்கல.”

மூணாவதுக்கு ‘வைக்கோல் பொம்மை’ன்னு பேர் (நான் சொல்லாததைச் சொன்னதா வெச்சுத் தாக்குறது), அது தெரியும். அதைக் குரூப்லயே எழுதினேன். அண்ணி “அப்படின்னா?”ன்னாங்க. அண்ணன் குரூப்பை விட்டே போயிட்டான். மத்த ரெண்டுக்கும் பேர் என்ன?

பதில் 1:
மூணாவதுல இன்னொண்ணும் இருக்கு. ஆபரேஷன், இல்லாட்டி படுக்கைன்னு ரெண்டே வழி காட்டுறார். பிசியோதெரபி, எடை குறைக்கிறது எல்லாம் எங்கே போச்சு? ரெண்டாவது வரி, வாதத்தை விட்டுட்டு ஆளைத் தாக்குறது. அது சரி, ஒரே ஒரு அம்மாவை வெச்சு நீங்க முடிவுக்கு வந்தது மட்டும் என்னவாம்?

பதில் 2:
ரெண்டாவதைப் பிழைன்னு ஒதுக்க மாட்டேன். மூட்டு எவ்வளவு தேய்ஞ்சிருக்குங்கிறதுக்கும் நீங்க எத்தனை நாள் வர்றீங்கங்கிறதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா ஆபரேஷன் ஆனதும் பல வாரம் கூடவே இருந்து நடக்க வைக்கணுமே, அது யார்? அந்த இடத்துல அவர் கேட்டது நியாயம். (நானும் தள்ளி இருக்கிற பிள்ளைதான். சுருக்குன்னு குத்தும், தெரியும்.)

பதில் 3:
முதல் வரியை எல்லாரும் தாண்டிட்டீங்க. “வயசாகுது, அதனால செய்யணும்” அவர். “வயசாகுது, அதனால வேண்டாம்” நீங்க. ஒரே காரணம் ரெண்டு பக்கமும் ஓடுது! மணிமேகலை 29-ஆம் காதையில இந்த மாதிரி ஏதுப்போலிக்கு (காரணம் மாதிரி தெரியுற, ஆனா எதையும் நிரூபிக்காத காரணத்துக்கு) பேர் அநைகாந்திகம். அசித்தம், விருத்தம்னு இன்னும் ரெண்டு வகை அங்கேயே இருக்கு, அதெல்லாம் இப்போ வேண்டாம். வெறும் வயசு எதையும் தீர்மானிக்காது. இதயம், சர்க்கரை எப்படி இருக்கு, ராத்திரி வலியில தூங்க முடியுதா, அதையெல்லாம் டாக்டர்கிட்ட கேளுங்க. அப்பாவை யாராவது கேட்டீங்களா?

கேள்வி கேட்டவர்:
கேட்கல. இன்னிக்குத்தான் கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் முடிச்சுட்டீங்களா?”ன்னார்.

அண்ணனுக்குப் போன் போட்டு, செஞ்சா முதல் ஆறு வாரத்துல பாதி நான் இருக்கேன்னு சொன்னேன். எந்தப் பாதின்னு கேக்கிறான்.