பழைய நாவலில் பூஞ்சணம், என்ன செய்யலாம்?

கேள்வி: மருதானை பழைய புத்தகக்கடையில வாங்கின நாவல். எத்தனை தரம் வாசிச்சாலும் விட மனமில்லை. வெள்ளவத்தைக் கடற்காத்துக்கு அட்டையில பூஞ்சணம், முதுகும் கழண்டிட்டுது. வெயிலில வைக்கலாமோ?

பதில் 1: வேண்டாம் அக்கா, தாள் மஞ்சளிச்சு நொறுங்கும். ஈரம் உறிஞ்சிற சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளோட டப்பாவில மூடி வையுங்கோ. நல்லாக் காய்ஞ்ச பிறகு, மாஸ்க் போட்டு, வெளியில வைச்சு மெல்லிய தூரிகையால தட்டுங்கோ. ஈரத்தோட துடைச்சா கறை தாளுக்குள்ள இறங்கிடும்.

பதில் 2: முதுகுக்கு செலோடேப் மட்டும் ஒட்டிப்போடாதேங்கோ! அந்தப் பசை பழுப்பாகித் தாளில ஊறும், பிறகு எடுக்கேலாது. கோதுமை மாப் பசையும் புத்தகம் அரிக்கிற இராமபாணப் பூச்சிக்கு விருந்துதான். பிவிஏ எண்ட வெள்ளைப் பசையை மெல்லிசாப் பூசி, எண்ணெய்த்தாள் சுத்தி, ஒரு இரவு பாரம் வையுங்கோ.

பதில் 3: திரும்பப் பூஞ்சணம் பிடிக்காம இருக்க, காத்துப் போக புத்தக அலுமாரியைச் சுவரிலயிருந்து 2 அங்குலம் தள்ளி வையுங்கோ.