குழாய்க்கிணற்றுத் தண்ணியில வானவில் படலம்: இது மன்னார் எண்ணெயோ?

குளத்தடி:
அக்கராயன் பக்கம், 60 அடிக் குழாய்க்கிணறு. வாளியில தண்ணி பிடிச்சு வைச்சால் விடிய மேல மினுங்கிற படலம் கிடக்கு. மன்னார்க் கடலுக்கடியில காஸ் கண்டவையெண்டால், வன்னி நிலத்துக்குக் கீழயும் எண்ணெய் இருக்கலாம்தானே?

பாலையடி:
முதல்ல ஈர்க்கால படலத்தைக் கீறிப் பாருங்கோ. துண்டு துண்டா உடைஞ்சு அப்பிடியே நிண்டால் அது இரும்புப் பற்றீரியாவின்ர வேலை. கீறின இடம் உடன மூடிச் சேர்ந்தால்தான் எண்ணெய். அப்பவும் பெற்றோலியம் எண்டு நினைக்காதேங்கோ. தண்ணிக்குள்ள இறக்கின மோட்டரில எண்ணெய் நிரப்பின வகை இருக்கு, சீல் போனால் கசியும். பக்கத்தில டீசல் பரல் வைச்சிருந்தாலும் மண்ணால இறங்கும். அந்தத் தண்ணியைக் குடிக்காமல் மோட்டரைத் தூக்கிப் பாருங்கோ.
போத்திலில ஒரு நாள் வைக்க அடியில செம்மஞ்சள் மண்டி படிஞ்சால் இரும்பு. உயரத்தால சிதறி விழவிட்டுக் காத்துப்பட வைச்சு, பிறகு மணல் வடியால விட்டால் பெரும்பங்கு போயிடும்.

கல்லுவெட்டி:
நிலத்தின்ர பக்கத்தையும் சொல்ல வேணும். வவுனியாவும் வன்னியின்ர உட்பகுதியும் மண்ணுக்குக் கீழ உருமாறிய பழைய பாறை. எண்ணெய்க்கு முதல்ல உயிர்ப்பொருள் மக்கின படிவுப்பாறை வேணும். அது ஏறத்தாழ 60 தொடக்கம் 120 பாகை செல்சியசில அவியவேணும், அதுக்குப் பொதுவா 2 - 4 கிலோமீற்றர் ஆழம் தேவை. பிறகு தேங்க நுண்துளைப் பாறை, மேல கசியாத மூடி. சவூதியின்ர கவார் வயலில இந்த நாலும் ஒண்டா அமைஞ்சது: எண்ணெய் சுண்ணாம்புக்கல்லில, மூடி அன்ஹைட்ரைட்டு எண்ட கசியாத உப்புவகைப் பாறை. உலகத்தில எண்ணெய் ஒரே அளவா பரவாததுக்குக் காரணமே இதுதான். 60 அடியில அவிஞ்ச எண்ணெய் உருவாகாது.
மன்னார் வேற கதை. அங்க தடித்த படிவு இருக்கு. 1970களில பேசாலையில சோவியத் உதவியோட துளைச்சும் வணிக அளவில கிடைக்கேல்லை.

கடற்கரைச் சாலை:
கடலுக்குள்ள 2011இல் சிக்கியு எண்ட ஜப்பானியத் துளைகப்பல் வந்தது. டொராடோ கிணற்றில கடலாழம் மட்டும் 1,350 மீற்றரளவு. கடல்மட்டத்திலயிருந்து 3 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில, மணற்கல்லுக்குள்ள 25 மீற்றர் தடிப்பில காஸ் கண்டவை. அடுத்த பராகுடாவிலும் காஸ், டொராடோ வடக்கு வெறுங்கிணறு. இந்தக் கிணறுகளைத் துளைப்பிச்ச கெய்ர்ன் கம்பனி 2015இல் விலகினது. காஸ் கண்டதெண்டால் எடுக்கலாமெண்டு அர்த்தமில்லை: அந்த ஆழத்தில கடலடிக் கருவியும் கரைக்குக் குழாயும் போட வேணும், கரையில வாங்கிற மின்நிலையம் வேணும். செலவைக் காஸ் விலை தாங்காட்டி அது பாறைக்குள்ளயே கிடக்கும்.

குளத்தடி:
ஈர்க்கால கீறினேன், உடைஞ்சு நிக்குது. போத்திலில மண்டியும் செம்மஞ்சள். ஆனால் குழாயைத் திறந்த உடன முதல்ல நுரையும் குமிழும் வருது?

பாலையடி:
பெரும்பாலும் குழாயில அடைபட்ட காத்து. தண்ணி மட்டம் மோட்டருக்குக் கிட்ட இறங்கினாலும் காத்தை இழுக்கும், கயிறு விட்டு மட்டத்தை அளவுங்கோ. நெருப்புக்குச்சி கொழுத்திப் பாக்கவேண்டாம், சதுப்புக் காஸ் (மீதேன்) கலந்திருந்தால் பத்தும். முட்டை அழுகின மணமெண்டால் அது ஐதரசன் சல்பைட்டு எண்ட நச்சுக் காஸ், தோட்டக் கிணற்றுக்குள்ள ஆளை இறக்கவே கூடாது.