டிரைவ்டிரெய்ன்: 'சங்கிலித்தொகுதி' வேண்டாம், 'உந்துதொடர்' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். சைக்கிளில் காலின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் பாகங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் டிரைவ்டிரெய்ன். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது வந்த கருத்துகளை எடுத்துக்காட்டி, கீழே பதில் சொல்கிறேன்.

> டிரைவ்டிரெய்னுக்குச் 'சங்கிலித்தொகுதி' என்றே வைத்துவிடலாம். பார்த்தவுடன் புரிகிறது, வேறு சொல் தேட வேண்டியதில்லை.

பார்த்தவுடன் புரிகிறதுதான், ஆனால் பாதிதான் புரிகிறது. வீட்டிலேயே சைக்கிளைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவில் 'சங்கிலித்தொகுதியைச் சுத்தம் செய்யவும்' என்று எழுதி நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் சங்கிலியை மட்டும் பளபளவென்று தேய்த்துக் கழுவி, எண்ணெய் விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து காட்டினார், சங்கிலி மறுபடியும் கறுப்பு. பின் பற்சக்கரங்களின் இடுக்கிலும், கியர் மாற்றியில் தொங்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களிலும் அப்பியிருந்த பிசுக்கை அவர் தொடவே இல்லை, கழுவிய சங்கிலி அதன்மேல் ஓடி எல்லாவற்றையும் திரும்ப வாரிக்கொண்டுவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கொடுத்த சொல் சங்கிலியைத்தான் காட்டியது, அவர் கையும் அங்கேயே நின்றுவிட்டது.

இன்னொன்று, சங்கிலியே இல்லாமல் பட்டையால் ஓடும் சைக்கிள்கள் உண்டு, தண்டால் ஓடுபவையும் உண்டு. அவற்றிலும் டிரைவ்டிரெய்ன் இருக்கிறது. ஆகவே சொல்லுக்குள் சங்கிலி இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

காலின் விசை மிதிக்கட்டையில் இறங்கி, மிதித்தண்டைச் சுற்றி, முன் பற்சக்கரம், சங்கிலி, பின் பற்சக்கர அடுக்கு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறி, கடைசியில் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குப் போய்ச் சேர்கிறது. இந்தக் கைமாறலைச் சொல்ல 'தொடர்' பொருந்துகிறது. 'தொகுதி' என்றால் ஒரே பையில் போட்ட உதிரிகள் போல ஆகிவிடும், வரிசை தெரியாது. முன்னொட்டாக 'இயக்கி' வேண்டாம், கணினிக்காரர்கள் அதை முன்பே எடுத்துக்கொண்டார்கள். 'விசைத்தொடர்' எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் விசைப்பலகை வந்தபிறகு விசை என்றாலே பலருக்கு விரலால் அழுத்தும் பொத்தான்தான் நினைவுக்கு வருகிறது. மிஞ்சியது 'உந்துதொடர்'.

> உந்துதல் என்றால் பின்னாலிருந்து தள்ளுவது. சங்கிலி இழுக்கத்தானே செய்கிறது?

சரிதான், மிதிக்கும்போது சங்கிலியின் மேல்பக்கம் விறைத்து நின்று பின் பற்சக்கரத்தை இழுக்கிறது. ஆனால் பெயர் சங்கிலிக்கு மட்டுமானதல்ல, வண்டியை முன்னால் செலுத்தும் மொத்த ஏற்பாட்டுக்குமானது. பேருந்து என்கிறோம், ஈழத்தில் மோட்டார் சைக்கிளை உந்துருளி என்கிறார்கள், அந்த வரிசையில் இது இயல்பாகவே உட்கார்ந்துவிடும். அப்புறம், இது வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. 'உந்துத்தொடர்' என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

கூடவே வரும் சில சொற்கள். எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் டிகிரீசருக்குப் 'பிசுக்குநீக்கி', இதில் யாருக்கும் தயக்கம் இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் ஓட ஓடச் சங்கிலி நீளமாவதைக் குறிக்கும் செயின் ஸ்ட்ரெச்சை 'சங்கிலி நீட்சி' என்று எழுதியிருப்பதை மாற்றியே ஆக வேண்டும். சங்கிலித் தகடுகள் ரப்பர் போல இழுபட்டு நீள்வதில்லை. ஆணியும் அது உராயும் இடமும் மணல் கலந்த எண்ணெயில் அரைபட்டுத் தேய்கின்றன, ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடி மொத்த நீளம் ஏறுகிறது. ஆணிக்கு ஆணி 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். எனவே 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அளவுகோல் வைத்துப் பார்க்கும்போது கடைசி ஆணி 1/16 அங்குலம் தள்ளி நின்றால் சங்கிலியை மாற்றிவிடுவது நல்லது, இல்லையென்றால் அது பற்சக்கரங்களையும் தின்ன ஆரம்பிக்கும். 'நீட்சி' என்றால் படிப்பவருக்கு அழுக்குக்கும் இதற்கும் உள்ள தொடர்பே தெரியாமல் போகும். 'சங்கிலித் தேய்வு' என்றால் காரணம் பெயரிலேயே இருக்கிறது.

கியர் மாற்றியில் தொங்கும் அந்தக் குட்டிச் சக்கரங்களுக்குத்தான் இன்னும் நல்ல பெயர் இல்லை, அவற்றை எனக்கு விட்டுவிட மனமில்லை. தட்டைத் திருப்புளியின் முனையை அதன் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்து வைத்து மிதியைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால், காய்ந்த பிசுக்கு கறுப்பு மெழுகு போலச் சுருள் சுருளாக உரிந்து விழும், அதற்குப் பிறகுதான் பற்களின் உண்மையான வடிவமே தெரியும். முக்கால்வாசிப் பேர் விட்டுவிடும் இடமும் இதுதான். 'ஜாக்கி வீல்' என்று எழுதினால் அது என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. கிணற்றுக் கப்பியை நமக்குத் தெரியும், இதுவும் கயிற்றுக்குப் பதில் சங்கிலி ஓடும் கப்பிதான். மேலே இருப்பது சங்கிலியை எந்தப் பற்சக்கரத்துக்குப் போக வேண்டும் என்று நடத்துகிறது, அதை 'வழிக்கப்பி' எனலாம். கீழே இருப்பது தொய்வை இழுத்துப் பிடிக்கிறது, அது 'இழுகப்பி', இங்கும் வினைத்தொகை என்பதால் ஒற்று இல்லை.

உந்துதொடருக்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், வரைவை இன்னும் அச்சுக்கு அனுப்பவில்லை. கப்பிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உங்கள் பக்கம் பட்டறைகளில் புழங்கினால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.