சிஓபிடி உள்ளவருக்கு நுரையீரல் புற்றுநோய்: உங்கள் வீட்டில் எப்படித் தெரிந்தது?

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்:
அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் நாள்பட்டு அடைபட்டிருக்கும் நுரையீரல் நோய், பல வருடங்களாக உண்டு. சிகரெட்டை விட்ட பிறகும் காலையில் சளியோடு இருமுவார், படியேறினால் மூச்சு வாங்கும். அதனால் இருமல் கூடியபோது அதுவும் பழைய நோயின் கணக்கிலேயே போனது. ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கொடுப்பார்கள், கொஞ்ச நாள் தேவலை, மறுபடியும் இருமல். எடை குறைந்ததற்கும் அதே காரணம்தான் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை.

அப்புறம் வேறொரு நுரையீரல் மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் பார்த்தது அப்பாவின் விரல்களை. நகங்கள் வளைந்து, விரல் நுனிகள் தடித்து உருண்டிருந்தன. "சிஓபிடியால் மட்டும் விரல் இப்படி ஆகாது, சிடி ஸ்கேன் எடுத்துவிடலாம்" என்றார். கட்டி இதயத்தின் நிழலுக்குப் பின்னால் மறைந்திருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் அந்த இடத்தில் இருப்பது எளிதில் தப்பிவிடுமாம்.

வீட்டில் சிஓபிடி உள்ளவர் இருந்தால், இருமல் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட இருமல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவுக்குக் காலை இருமல் இரவு இருமலாகி, தூக்கத்திலிருந்து எழுப்பியது. உங்கள் வீட்டில் எது முதலில் தெரிந்தது?

சிகரெட்டை விட்ட சிஓபிடி நோயாளி:
எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. குறைந்த கதிர்வீச்சு சிடி பரிசோதனையில்தான் அகப்பட்டது. தினம் 20 சிகரெட் வீதம் ஒரு வருடம் புகைத்தால் அது ஒரு 'பேக் வருடம்'. அமெரிக்காவில் 2021 முதல், 50 முதல் 80 வயதுக்குள் 20 பேக் வருடம் புகைத்தவர்கள், இன்னும் புகைப்பவர்களோ விட்டு 15 வருடம் ஆகாதவர்களோ ஆனால், ஆண்டுதோறும் இதை எடுக்கச் சொல்கிறார்கள். 2011ல் அங்கே வெளியான பெரிய ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20% குறைவு. ஒரே அளவு புகைத்தவர்களிலும் சிஓபிடி உள்ளவருக்கு ஆபத்து கூடுதல் என்பதால் நான் தள்ளிப்போடவில்லை.

ஆனால் சிடியில் சின்னப் புள்ளி தெரிந்தாலே புற்றுநோய் என்று நடுங்கவேண்டாம். பெரும்பாலானவை பழைய தழும்பு போன்ற, புற்றுநோய் அல்லாதவைதான். எனக்கு இரண்டு இருந்தன. ஒன்று அப்படியே இருக்கிறது, மற்றது வளர்ந்தது. ஊதிப் பார்த்து மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில் அளவு குறைவு, நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் தாங்காது என்றார்கள். கட்டியின் மேல் மட்டும் குவித்துச் செலுத்தும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். சில அமர்வுகளிலேயே முடிந்துவிட்டது.

கணவரைக் கவனித்த மனைவி:
எங்களுக்கு சளியில் ரத்தக்கோடு. ஒரு தடவைதான், அதுவே போதுமாக இருந்தது. பயாப்ஸி (திசு எடுத்துச் சோதிப்பது) பற்றி ஒன்று: எம்ஃபிசீமா, அதாவது நுரையீரலின் காற்றுப் பைகள் சிதைந்த நிலை, இருந்தால் திசு எடுக்க ஊசி செலுத்தும்போது நுரையீரலிலிருந்து காற்று கசியும் ஆபத்து அதிகம். இவருக்கு அப்படி ஆகி, குழாய் வைத்துச் சரிசெய்தார்கள். கையெழுத்து போடும் முன்பே இதை விளக்கிச் சொன்ன மருத்துவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

சுவாசப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்:
புற்றுநோய் என்று தெரிந்ததும் சிலர் இன்ஹேலரை மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மூச்சு எந்த அளவுக்குச் சீராக இருக்கிறதோ, அந்த அளவுக்குச் சிகிச்சையைத் தாங்கும் பலம் இருக்கும். இனி விட்டு என்ன ஆகப்போகிறது என்று புகையைத் தொடர்பவர்களையும் பார்க்கிறேன். இப்போது விட்டாலும் பலன் உண்டு, அறுவைக்குப் பிறகு வரும் நெஞ்சுச் சிக்கல்களும் குறையும்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்:
மிகவும் நன்றி. பயாப்ஸி விஷயத்தை நாளைக்கே மருத்துவரிடம் கேட்கிறேன். அப்பாவுக்கும் எம்ஃபிசீமா உண்டு.