தூளி ஆட்டம் நின்றதும் விழித்துக்கொள்ளும் ஐந்து மாதக் குழந்தை

கயல், மதுரை:
என் மகனுக்கு ஐந்து மாதம் நிறைந்துவிட்டது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். எடையும் சரியாக ஏறுகிறது. மூன்றாம் மாதம் வரை இரவில் நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்கியவன், இப்போது பதினொரு மணிக்குப் பிறகு மணிக்கொரு முறை அழுகிறான். தூளியை ஆட்டினால் உறங்குகிறான். ஆட்டும் கை ஓய்ந்த சிறிது நேரத்தில் கண் திறந்துவிடுகிறான். வயிறு நிறையாததால்தான் விழிக்கிறான், இரவில் கேழ்வரகுப் பால் காய்ச்சிக் கொடு என்கிறார் என் மாமியார். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து அடுத்த மாதம் நான் பணிக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அவன் இன்னும் சற்று நீண்ட நேரம் உறங்குவதற்கு என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற செவிலியர், தஞ்சாவூர்:
முதலில், உங்கள் மகனுக்குக் கோளாறு ஏதும் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம், அம்மா. நான்காம் மாதத்தை ஒட்டிக் குழந்தையின் உறக்கம் பெரியவர்களின் உறக்கத்தைப் போல அடுக்கடுக்காக அமையத் தொடங்குகிறது. ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எல்லாருமே அரைகுறையாக விழிக்கிறோம். நாம் புரண்டு படுத்துவிடுகிறோம். ஆட்டத்திலேயே உறங்கிப்போன குழந்தையோ, விழிக்கும்போது ஆட்டம் இல்லாததைக் கண்டு அழுகிறது.

இந்த வயதில் இரவில் ஓரிரு முறை பசிப்பது இயல்பு. அந்தப் பாலை நிறுத்தக் கூடாது. ஆழமாக உறிஞ்சி விழுங்கினால் அது பசி. இரண்டு நிமிடம் சப்பிவிட்டுக் கண் சொருகினால் பெரும்பாலும் ஆறுதல் தேடுகிறான் என்று கொள்ளலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே கேழ்வரகுப் பாலை இன்னும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். அப்போதும் அதை உணவாகக் கொடுங்கள், உறக்க மருந்தாக எதிர்பார்க்க வேண்டாம். யாரேனும் தேன் தொட்டு வைக்கச் சொன்னால், ஒரு வயது வரை கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

ஒரு தந்தை, சேலம்:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான், சகோதரி. பகல் உறக்கத்தில் கை வைக்காமல், இரவின் முதல் உறக்கத்தை மட்டும் மாற்றினோம். ஏழரை மணிக்குக் கை கால் துடைத்து, விளக்கைத் தணித்துப் பால் கொடுத்த பிறகு, தூளியில் ஆட்டும் நேரத்தை நாளுக்கு நாள் குறைத்து, கண் சொக்கும் நிலையில் பாயில் கிடத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டோம். தாயின் மடிக்குப் போனால் மகள் பாலுக்கு அழுவாள் என்பதால் அந்தப் பொறுப்பு என்னுடையது. மூன்றாம் நாள் இரவு அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து நலம் விசாரித்தார்! இரண்டு வாரத்தில் முதல் உறக்கம் ஐந்து மணி நேரமாக நீண்டது. விடியற்காலை விழிப்பு மட்டும் நீங்கவில்லை.

குழந்தை மருத்துவர், கோயம்புத்தூர்:
மேற்சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் பாயில் கிடத்துவது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும்: மல்லாந்த நிலையில், தட்டையான உறுதியான விரிப்பில், தலையணையும் தளர்ந்த போர்வையும் இல்லாமல் கிடத்த வேண்டும். புரளத் தொடங்கிய குழந்தைக்குச் சேலைத் தூளி பாதுகாப்பானதன்று என்பதால், இந்த மாற்றத்தை எப்படியும் நீங்கள் செய்தாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து மாதக் குழந்தை பகலில் வேடிக்கை பார்ப்பதில் பாலைப் பாதியில் விட்டுவிட்டு, அந்தக் குறையை இரவில் ஈடுகட்டும். பகலில் ஓரிரு வேளையாவது ஆளரவமற்ற, வெளிச்சம் குறைந்த அறையில் பால் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் பணிக்குச் சென்ற பின், பகலில் உங்களைக் காணாத குழந்தை இரவில் கூடுதலாகப் பால் கேட்கக்கூடும் என்பதையும் இப்போதே மனத்தில் கொள்ளுங்கள். அது நீங்கள் பழக்கியதன் தவறாகாது. காய்ச்சல், எடைக் குறைவு, உறக்கத்தில் தொடர்ந்த குறட்டை இருந்தால் மட்டும் நேரில் காட்டுங்கள்.

கயல், மதுரை:
பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன். பகல் பாலை உள்ளறைக்கு மாற்றியது உடனே பலன் தந்தது. இரவில் ஐந்தாறு முறை விழித்தவன் இப்போது மூன்று முறைதான் விழிக்கிறான். பாயில் கிடத்தும் பொறுப்பை மாமியாரே ஏற்றுக்கொண்டு, தட்டிக்கொடுத்துத் தாலாட்டுப் பாடுகிறார். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்து, டப்பாவின் மேல் ஆறு மாதம் நிறையும் தேதியை எழுதி ஒட்டியிருப்பவரும் அவரே. தூளி பகலுக்கு மட்டும், ஒருவர் அருகில் இருக்கும்போது, இன்னும் தொங்குகிறது. அவன் புரளத் தொடங்கும் நாளில் கழற்றிவிடுவோம்.